ஸ்பானிய மொழியிலும் வாழ்விலும் அரபு ஆட்சியின் தடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியவர்களும், கிரனாடா, கோர்தோபா பக்கம் பயணம் போக நினைப்பவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஸ்பானியச் சொற்களை ஒலிப்பை ஒட்டித் தமிழில் தந்திருக்கிறோம். ஸெட்டா (z) என்ற எழுத்தை ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து ஒலிப்பார்கள். தெற்கு அந்தலூசியாவின் பல ஊர்களிலும் அமெரிக்க நாடுகளிலும் அது வெறும் 'ஸ'தான். இங்கே அந்த எளிய ஒலிப்பையே பின்பற்றியுள்ளோம்.

அரபிகள் ஸ்பெயினை 800 வருஷம் ஆண்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

கிரனாடாவைப் பொறுத்தவரை ஏறத்தாழ உண்மை. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து வந்து அப்போது நாட்டை ஆண்ட விசிகோத் குல அரசன் ரொத்ரிகோவைத் தோற்கடித்தார். கிரனாடாவின் கடைசி சுல்தான் போஅப்தில் 1492 ஜனவரி 2 அன்று நகரை ஒப்படைத்தார். கணக்குப் பார்த்தால் 781 ஆண்டுகள்.

மற்ற ஊர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பார்சலோனாவை 801-இலேயே பிராங்குகள் பிடித்துவிட்டார்கள். தொலேதோ 1085-இலும், கோர்தோபா 1236-இலும், வலென்சியா 1238-இலும், செவில் 1248-இலும் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போயின. வடக்கே அஸ்தூரியாஸ் மலைப்பகுதி ஒருபோதும் நிலையாக அவர்கள் கைக்கு வரவில்லை. 'ஸ்பெயினில் அரபுச் செல்வாக்கு' என்று யார் பேசினாலும், எந்த ஊரில், எத்தனை காலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் குழப்பங்கள் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

ஆண்டது அரபிகளா, மூர்களா, பெர்பர்களா? ஆளுக்கொரு பேர் சொல்றாங்க.

711-இல் வந்த படையில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்கப் பெர்பர்கள். 756 முதல் 1031 வரை கோர்தோபாவில் ஆண்ட உமய்யாக்கள் அரபுக் குலம். அவர்களில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929-இல் தன்னைக் கலீஃபா என்று அறிவித்தார். பின்னால் வந்த அல்மொராவித், அல்மொஹாத் இரண்டும் பெர்பர் அரச குலங்கள். 'மோரோ', அதாவது மூர், என்பது கிறிஸ்தவர்கள் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வைத்த பெயர். நாட்டு மக்களில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்கள்தான், காலப்போக்கில் மதம் மாறியவர்கள்.

இவர்கள் எந்த இனமானாலும் எழுத்துக்கும் நிர்வாகத்துக்கும் பயன்பட்ட மொழி அரபு. தெருவில் பேசியது அந்தலூசிய அரபு என்ற வட்டார வழக்கு. ஸ்பானியத்துக்குள் போன சொற்களில் பெரும்பாலானவை இந்தப் பேச்சு வழக்கிலிருந்து போனவை. அதனால்தான் அரபு அகராதியில் உள்ள வடிவத்துக்கும் ஸ்பானிய வடிவத்துக்கும் சில இடங்களில் இடைவெளி அதிகமாகத் தெரிகிறது.

ஸ்பானியத்தில் மொத்தம் எத்தனை அரபுச் சொற்கள் இருக்கு?

ஏறத்தாழ 4,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். அதில் ஊர்ப் பெயர்களும், ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களும், இன்று யாரும் பேசாத பழஞ்சொற்களும் அடங்கும். அன்றாடப் பேச்சில் புழங்குபவை இதில் சிறு பகுதிதான். '8 சதவீதம்' என்று சுற்றிவரும் கணக்கை அகராதியின் பங்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிற வாக்கியத்தில் பங்கு அதைவிட மிகக் குறைவு, ஏனென்றால் வாக்கியத்தைத் தாங்கும் வினைகளும் இடைச்சொற்களும் லத்தீன் வழி வந்தவை.

எண்ணிக்கையைவிட முக்கியம், எந்தத் துறைச் சொற்கள் என்பது. வயல், வாய்க்கால், சமையலறை, கொத்து வேலை, தையல், சந்தை, வரி, அளவை, கோட்டைக் காவல் ஆகிய தொழில் சார்ந்த இடங்களில் அரபுச் சொற்கள் கூட்டமாக நிற்கின்றன. கொத்தனார் 'அல்பஞீல்', அவர் எழுப்பும் மெல்லிய சுவர் 'தபீக்கே', மண் செங்கல் 'அதோபே', மொட்டைமாடி 'அசொத்தேயா', வாசல் நடை 'சகுவான்', ஓடு 'அசுலேஹோ'. ஒரு வீட்டைக் கட்டி முடிக்கும்வரை அரபுதான். பொருளும் வேலையும் வந்தன, பெயரும் கூடவே வந்தது.

இவை மூன்று வழிகளில் உள்ளே நுழைந்தன. முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்து அரபு பேசப் பழகிய கிறிஸ்தவர்கள், 'மொசாரபே' எனப்பட்டவர்கள், வடக்கே குடிபெயர்ந்தபோது கொண்டுபோனவை முதல் வகை. தொலேதோ போன்ற நகரங்கள் கைமாறிய பிறகும் அங்கேயே தங்கித் தொழில் செய்த முஸ்லிம் கைவினைஞர்களிடமிருந்து வந்தவை இரண்டாவது. மூன்றாவது, மொழிபெயர்ப்புகள் வழி வந்த அறிவியல் சொற்கள். 12-ஆம் நூற்றாண்டுத் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு போன்றோர் அரபிலிருந்து லத்தீனுக்கு நூல்களைப் பெயர்த்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபொன்சோ அரசர் நேரே காஸ்தீலிய மொழிக்கே, அதாவது அன்றைய ஸ்பானியத்துக்கே, பெயர்க்க வைத்தார். 'அல்ஹெப்ரா' (இயற்கணிதம்), 'சிஃப்ரா' (இலக்கம்), 'அசிமுத்' (திசைக்கோணம்) எல்லாம் இந்த வழி.

'அல்'னு ஆரம்பிச்சா அரபுச் சொல்தானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'அல்' என்பது அரபின் சுட்டு முன்னொட்டு. ஸ்பானியம் பேசியவர்கள் அதைச் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் 'எல் அல்கால்தே' (ஊர்த்தலைவர்) என்னும்போது ஸ்பானியச் சுட்டு ஒன்று, அரபுச் சுட்டு ஒன்று என இரண்டு ஒட்டி நிற்கின்றன. சிசிலி வழியாக இத்தாலிக்குப் போனபோது அந்த முன்னொட்டு பெரும்பாலும் விழுந்துவிட்டது. பருத்தி ஸ்பானியத்தில் 'அல்கொதோன்', இத்தாலியனில் 'கொத்தோனே'. ஸ்பெயினில் வந்து குடியேறிய பெர்பர்கள் தாங்களே அரபை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள், முன்னொட்டைப் பிரிக்காமல் பேசினார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

அரபில் சில மெய்களுக்கு முன்னால் 'அல்'லின் லகரம் மறைந்து அடுத்த மெய் இரட்டிக்கும். ஆகவே 'அல்' தெரியாத இடத்திலும் அது ஒளிந்திருக்கலாம். அஸ்-ஸைத் 'அசெய்த்தே' ஆனது, அதாவது எண்ணெய். அஸ்-ஸுக்கர் 'அசூக்கர்', சர்க்கரை. அர்-ருப் 'அர்ரோபா', ஓர் எடை அளவை. அத்-தீவான் 'அதுவானா', சுங்கச் சாவடி. சமஸ்தானத்துத் திவான் பதவிப் பெயரும் இதே சொல்தான், பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது. சொல் 'அஸ', 'அத', 'அர்ர' என்று தொடங்கிப் பெயர்ச்சொல்லாகவும் இருந்தால் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். கடைசியில் அழுத்தமான 'ஈ' வருவதும் ஓர் அடையாளம்: காட்டுப்பன்றி 'ஹபலீ', மொரோக்கோக்காரர் 'மர்ரொக்கீ'.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'அல்மா' (ஆன்மா), 'ஆல்தோ' (உயரமான), 'அலேக்ரே' (மகிழ்ச்சியான) மூன்றும் லத்தீன் வழி வந்தவை. பாதாம் பருப்பான 'அல்மேந்த்ரா'வின் வேர் கிரேக்க-லத்தீன், முன்னால் உள்ள 'அல்' மட்டும் அரபுச் சொற்களின் சாயலில் ஒட்டிக்கொண்டது. கோட்டை அரண்மனையைக் குறிக்கும் 'அல்காசர்' இன்னும் சுவையானது. லத்தீன் 'காஸ்த்ரும்' அரபுக்குப் போய் 'கஸ்ர்' ஆகி, 'அல்' சேர்த்துக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பி வந்தது.

நம்ம அரிசிதான் ஸ்பானியத்தில் 'அர்ரோஸ்' ஆச்சுன்னு படிச்சேன். சரியா?

ஸ்பானியத்துக்கு அது அரபின் 'அர்-ருஸ்' வழி வந்தது, அதில் சந்தேகமில்லை. அதற்கு முந்திய பயணத்தில்தான் கருத்து வேறுபாடு. தமிழ் 'அரிசி'யிலிருந்து கிரேக்க 'ஒருஸா' வந்தது என்று பழைய நூல்கள் எழுதின. பழைய ஈரானிய வடிவம் ஒன்றின் வழி வந்தது என்போர் இன்று அதிகம். முடிவான உண்மையாக இதைப் பகிராதீர்கள்.

வலுவான தொடர்பு வேண்டுமென்றால் ஆரஞ்சைப் பாருங்கள். ஸ்பானிய 'நராங்ஹா' அரபு 'நாரஞ்ச்', பாரசீக 'நாரங்', சம்ஸ்கிருத 'நாரங்க' என்று பின்னோக்கிப் போகிறது. அந்தச் சம்ஸ்கிருதச் சொல்லே திராவிட மூலம் கொண்டது என்பது பல சொல்லாய்வாளர்களின் கருத்து, நம் 'நாரத்தை' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபுகள் கொண்டுவந்தது கசப்பு ஆரஞ்சு. செவில் தெருக்களில் இன்றும் வரிசையாக நிற்கும் மரங்கள் அந்த வகைதான், பறித்துத் தின்றால் வாய் கூசும், மார்மலேடுக்குத்தான் நன்றாக இருக்கும். இனிப்பு ஆரஞ்சு பிற்பாடு பரவியது, அதில் போர்த்துகீசியருக்குப் பெரிய பங்கு. அதனால் அரபிலேயே அதற்கு 'புர்துகால்' என்று பெயர்.

சதுரங்கமும் இந்தியாவிலிருந்து இதே பாதையில் போனதுதான்: சதுரங்கம், 'ஷத்ரஞ்ச்', 'அஹெத்ரேஸ்'. ஆங்கிலேயர் பிஷப் என்னும் காயை ஸ்பானியர் 'அல்ஃபீல்' என்கிறார்கள். அரபில் அல்-ஃபீல் என்றால் யானை. பழைய இந்திய ஆட்டத்தில் அந்தக் காய் யானையாகத்தான் இருந்தது.

இலக்கணத்திலும் அரபு புகுந்திருக்கா?

மிகக் கொஞ்சம். 'வரை' என்ற பொருளில் வரும் 'அஸ்தா' அரபு 'ஹத்தா'விலிருந்து வந்தது. அன்றாடம் நூறு முறை புழங்கும் ஒரே அரபு முன்னிடைச்சொல் அதுதான் என்று சொல்லலாம். ஊர் பேர் சொல்லாமல் ஒருவரைக் குறிக்கும் 'ஃபுலானோ' அரபு 'ஃபுலான்'. தமிழில் 'பலான ஆள்' என்கிறோமே, அதே சொல், உருது வழி வந்தது. நாட்டுப் பெயர்களோடு சேரும் '-ஈ' விகுதி மேலே பார்த்ததே.

'ஓஹாலா' பற்றி ஒரு திருத்தம். பலர் அதை 'இன்ஷா அல்லாஹ்' என்கிறார்கள். அறிஞர்கள் காட்டும் மூலம் 'லவ் ஷா அல்லாஹ்', 'இறைவன் நாடினால் நன்றாயிருக்குமே' என்ற ஏக்கத் தொனி கொண்டது. அதற்குப் பிறகு வினை எப்போதும் விருப்ப வடிவில்தான் வரும். 'ஓஹாலா யுவேவா' என்றால் மழை பெய்யட்டும், நடக்க வாய்ப்புண்டு. 'ஓஹாலா யொவியேரா' என்றால் பெய்தால் நன்றாயிருக்கும், ஆனால் நம்பிக்கை குறைவு. மாணவர்கள் சாதாரண நிகழ்கால வடிவமான 'யுவேவே'யைப் போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை.

ஸ்பானியத்தில் தொண்டையிலிருந்து வரும் 'ஹ' சத்தம் அரபுக் கொடைதானே?

இல்லை. ஹோட்டா (j) எழுத்தின் இன்றைய ஒலி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் அந்த இடத்தில் 'ஷ', 'ழ்ஷ' போன்ற ஒலிகள் இருந்தன. கிரனாடா விழுந்து நூறாண்டுக்குப் பின் நடந்த உள் மாற்றம் அது. அரபு ஸ்பானியத்துக்குப் புதிய ஒலி எதையும் கொடுக்கவில்லை. நேர்மாறாக, அரபின் தொண்டை ஒலிகளை ஸ்பானிய நாக்கு விழுங்கிவிட்டது அல்லது 'ஃப' போன்ற வேறொன்றாக மாற்றிக்கொண்டது.

ஊர்ப் பெயர்களை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'குவாத' என்று தொடங்கினால் ஆறு, அரபு 'வாதி'. குவாதல்கிவீர் 'பெரிய ஆறு', குவாதலஹாரா 'கற்களின் ஆறு', குவாதர்ராமா 'மணல் ஆறு'. குவாதியானாவில் அரபு வாதியோடு அரபுக்கு முந்திய 'அனாஸ்' என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. 'பெனி' என்றால் மக்கள், குலம்: வலென்சியக் கடற்கரையில் பெனிகாசிம், பெனிதோர்ம். 'அல்கலா' கோட்டை, 'மெதீனா' நகரம், 'அல்பசேத்தே' சமவெளி, 'அல்மெரீயா' காவல் கோபுரம், 'அல்மதேன்' சுரங்கம். அந்த அல்மதேன் உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஜிப்ரால்டர் 'தாரிக்கின் மலை'.

மத்ரீதும் (மாட்ரிட்) இந்தப் பட்டியலில் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் அமீர் முதலாம் முஹம்மது கட்டிய மஜ்ரீத் என்ற காவல் ஊர்தான் பின்னால் தலைநகரானது. அந்தக் காலத்து மதிலின் ஒரு பகுதி அல்முதேனா தேவாலயத்தின் அருகே இன்றும் நிற்கிறது. மேலே எண்ணிய 4,000-இல் பெரிய பங்கு இத்தகைய பெயர்களுடையது. தெற்கிலும் கிழக்கிலும் நெருக்கமாகவும், வடக்கே போகப் போக அரிதாகவும் இவை தென்படும். முதல் கேள்வியில் சொன்ன ஆட்சிக் காலக் கணக்கும் இந்த வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

வாய்க்கால் பாசனம் அரபிகள் கண்டுபிடிச்சதா? ரோமானியர் காலத்திலேயே இருந்ததே?

இருந்தது. ரோமானியர் கால்வாய்களும் அணைகளும் கட்டினார்கள். அரபு ஆட்சிக் காலத்தில் வந்த புதுமை, பயிரும் நீரும் பங்கீடும் ஒரே ஏற்பாடாக இணைந்தது. மத்தியதரைக் கடல் பகுதியில் கோடையில் மழை கிடையாது. கரும்பு, நெல், பருத்தி, கத்தரி, எலுமிச்சை போன்ற வெப்ப நாட்டுப் பயிர்களுக்குக் கோடையில்தான் தண்ணீர் தேவை. ஆகவே இவற்றைப் பரப்பிய இடமெல்லாம் வாய்க்கால் வலையும் முறைவைப்பும் வேண்டியிருந்தன. சொற்களே சாட்சி: வாய்க்கால் 'அசேக்கியா', தடுப்பணை 'அசூத்', நீர்ச்சக்கரம் 'நோரியா', தொட்டி 'அல்பேர்கா', நிலத்தடி மழைநீர்க் கிடங்கு 'அல்ஹீபே'.

பங்கீடு இன்றும் எப்படி நடக்கிறது என்று பார்க்க வலென்சியாவின் நீர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடும். தூரியா ஆற்றின் எட்டு வாய்க்கால்களுக்கும் பாசன விவசாயிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்பு மேலாடை அணிந்து வட்டமாக உட்காருவார்கள். வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் வாய்மொழி, பேச்சு வலென்சிய மொழியில். முறை மீறித் தண்ணீர் எடுத்தவர், மடையைத் திறந்து விட்டுப் போய்ப் பக்கத்து வயலை மூழ்கடித்தவர், வாய்க்காலைத் தூர்வாராதவர் மேல்தான் பெரும்பாலும் புகார். குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. தீர்ப்பு இறுதியானது. யுனெஸ்கோ 2009-இல் இதையும் முர்சியாவில் உள்ள இதேபோன்ற நல்லோர் சபையையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இருக்காது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். வழக்கு வராததே ஏற்பாடு ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம்.

கிரனாடாவுக்குத் தெற்கே அல்புஹார்ராஸ் மலைச்சரிவில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 'கரேயோ' வாய்க்கால்கள் எனப்படும் இவை பனி உருகும் காலத்தில் ஆற்றுநீரை மலையின் மேல்மட்டத்திலேயே திருப்பி, சிமெண்ட் பூசாத மண் வாய்க்கால்களில் ஓடவிட்டு, வேண்டுமென்றே நிலத்துக்குள் ஊற வைக்கின்றன. அந்த நீர் பாறை இடுக்குகளில் மெல்ல இறங்கி, கோடையில் கீழேயுள்ள கிராமத்து ஊற்றுகளில் வெளிவருகிறது. கசிவை வீணென்று எண்ணி வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசினால் நீர் ஊறாது, கீழே ஊற்றுகள் வறளும், கரையோர மரங்களும் பட்டுப்போகும். ஆள் இல்லாமல் தூர்ந்துபோன இத்தகைய வாய்க்கால்களைத் தன்னார்வலர்கள் இப்போது மீட்டு வருகிறார்கள். அரபு ஆட்சி விட்டுச் சென்றவற்றில் எது மிகப் பெரியது என்று எங்களைக் கேட்டால், கிரனாடாவின் அல்ஹாம்ப்ரா அரண்மனைக்கு முன்னால் இதைத்தான் சொல்வோம். அந்த அரண்மனையின் நீரூற்றுகளே தார்ரோ ஆற்றில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேலிருந்து வரும் ஓர் அசேக்கியாவால்தான் உயிர் வாழ்ந்தன.

சாப்பாட்டில் இன்னைக்கும் எது மிச்சம் இருக்கு?

பாதாமும் சர்க்கரையும் தேனும் சேர்ந்த இனிப்புகள், குங்குமப்பூ, கத்தரிக்காய் ('பெரென்ஹேனா'), கூனைப்பூ ('அல்கச்சோஃபா'), மாமிச உருண்டை ('அல்போந்திகா'), தேன்-பாதாம் இனிப்பான 'அல்ஃபஹோர்'. ஒலிவ மரம் அரபுகளுக்கு முன்பே இருந்தது. மரத்துக்கு லத்தீன் வழிப் பெயர் 'ஒலீவோ', காய்க்கும் எண்ணெய்க்கும் அரபு வழிப் பெயர்கள் 'அசெய்த்தூனா', 'அசெய்த்தே'. ஒரே மரத்தில் இரண்டு மொழிகள்.

முறையோடு வந்தது 'எஸ்கபேச்சே'. பாரசீகத்தில் வினிகர் சேர்த்துச் சமைத்த 'சிக்பாஜ்' என்ற இறைச்சி உணவு அரபு வழி வந்து, ஸ்பெயினில் மீனையும் காடையையும் கெடாமல் வைக்கும் முறையானது. மீனை லேசாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகு வதக்கி, எண்ணெய் இரண்டு பங்குக்கு வினிகர் ஒரு பங்கு சேர்த்துக் கொதிக்கவைத்து மீன் முழுக மூழ்கும்படி ஊற்ற வேண்டும். ஒரு நாளாவது ஊறவேண்டும், இரண்டாம் நாள்தான் சுவை கூடும். மீன் வெளியே தலைகாட்டினால் அந்த இடம் முதலில் கெடும். அலுமினியப் பாத்திரம் வினிகரோடு வினைபுரியும், கண்ணாடி அல்லது மெருகிட்ட மண்சட்டி போதும்.

'உஸ்தேத்' அரபு உஸ்தாத், 'ஓலே' அல்லாஹ், 'பயேயா' மிச்ச சோறுன்னு வாட்ஸ்அப்பில் வருதே?

மூன்றையும் நம்ப வேண்டாம். மரியாதை முன்னிலையான 'உஸ்தேத்', 'புவெஸ்த்ரா மெர்சேத்' ('தங்கள் கருணை') என்பதன் சுருக்கம். இடைப்பட்ட தேய்ந்த வடிவங்கள் 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் படிப்படியாகக் கிடைக்கின்றன. 'பயேயா' வலென்சிய மொழியில் வாணலி, லத்தீன் 'பதெல்லா' வழி வந்தது. சமைக்கும் பாத்திரத்தின் பெயர் சோற்றுக்கு ஆனது. அந்தச் சோற்றில் உள்ள அரிசியும் குங்குமப்பூவும் அரபு வழி வந்தவை என்பது வேறு. உற்சாகக் கூவலான 'ஓலே'க்கு அல்லாஹ் மூலம் என்பதற்குச் சான்று இல்லை. 'ஃபிளமெங்கோ' என்ற பாட்டு-ஆட்ட வகையின் பெயர் அரபுச் சொற்றொடரிலிருந்து வந்தது என்ற ஊகமும் அப்படியே.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய வடிவங்கள் ஏட்டில் கிடைக்கின்றனவா, ஒலி மாறிய விதம் அந்தக் காலத்து மற்றச் சொற்களோடு ஒத்துப்போகிறதா? வெறும் ஒலி ஒற்றுமை போதாது.

ஆட்சி, சந்தை விஷயத்தில் என்ன மிச்சம்?

ஊர்த்தலைவர் 'அல்கால்தே', அரபில் அல்-காதி, நம்மூர் காஜி என்ற சொல்லும் அதுவே. நீதிமன்றச் சேவகர் 'அல்குவாசில்', அரபில் வஸீர். அமைச்சர் பதவியின் பெயர் இறங்கி இறங்கிச் சேவகரிடம் வந்து நின்றுவிட்டது. கிடங்கு 'அல்மசேன்', வாடகை 'அல்கிலேர்', கட்டணப் பட்டியல் 'தரீஃபா'.

'அர்ரோபா' என்றால் கால் பங்கு. ஒரு குவிந்தாலில் கால், அதாவது 25 பழைய ராத்தல், ஏறத்தாழ 11.5 கிலோ. ஓக் காய் தின்று கொழுத்த ஐபீரியப் பன்றிகளின் எடையை மேய்ச்சல்காரர்கள் இன்றும் அர்ரோபாவில் சொல்வார்கள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக்கும் ஸ்பானியத்தில் அதுதான் பெயர். வணிகர்கள் அந்தக் குறியை இந்த அளவைக்குப் பயன்படுத்தி வந்தார்கள்.

குதிரைலாட வளைவு இருந்தா அது அரபுக் கட்டடம்தானே?

வளைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விசிகோத்துகளே குதிரைலாட வளைவு கட்டினார்கள். கோர்தோபாப் பெரிய பள்ளிவாசல் 785 வாக்கில் தொடங்கியபோது அதைப் பெரிதாக்கி, சிவப்பும் வெளுப்புமாக மாற்றி மாற்றிக் கல் வைத்து, இரண்டடுக்கு வளைவாக உயர்த்தினார்கள். 1236-இல் அது தேவாலயமானது. 1523-இல் தொடங்கி நடுவே ஒரு பெரிய ஆலயத்தைச் செருகினார்கள். இன்று 856 தூண்கள் எஞ்சியுள்ளன.

யார் ஆட்சியில், யார் பணத்தில் கட்டியது என்று கேட்பதே சரியான வழி. அல்ஹாம்ப்ரா முஸ்லிம் நஸ்ரித் அரசர்களுடையது. செவிலின் அல்காசரில் எல்லோரும் படமெடுக்கும் அரண்மனை கிறிஸ்தவ அரசன் முதலாம் பேத்ரோவுடையது, 1364 முதல் முஸ்லிம் கைவினைஞர்களை வைத்துக் கட்டியது. சுவர்களில் அவனை 'சுல்தான்' என்று புகழும் அரபு எழுத்துகள் உண்டு. கிறிஸ்தவ ஆட்சியில் தொடர்ந்த இந்தப் பாணிக்கு 'முதேஹர்' என்று பெயர், அராகோனின் தெருவேல் நகரச் செங்கல் கோபுரங்கள் அதன் உச்சம். தொலேதோவில் சாந்தா மரீயா லா பிளாங்கா யூதர் தொழுகைக் கூடமாக இதே வளைவுகளோடு எழுந்து பின்பு தேவாலயமானது. மத்ரீதின் லாஸ் வெந்தாஸ் காளைச்சண்டை அரங்கோ 1931-இல் திறந்த புது முதேஹர். வெளித்தோற்றம் கண்டு 'மூர் காலத்தது' என்று வழிகாட்டிகள் சொன்னால் ஆண்டைக் கேளுங்கள்.

பாட்டு, கவிதையில் தடம் உண்டா? ஸிர்யாப் தான் எல்லாத்தையும் கொண்டுவந்தாராமே?

ஸிர்யாப் பாக்தாதில் பயின்ற இசைக்கலைஞர். 822-இல் கோர்தோபா வந்து அரசவையில் பெரும் செல்வாக்குப் பெற்றார். 'ஊத்' என்ற அரபுத் தந்தி வாத்தியத்துக்கு ஐந்தாம் தந்தி சேர்த்தார் என்பது மரபு. பற்பசை, முறைவைத்த விருந்து, பருவத்துக்கேற்ற உடை என்று அவர் தலையில் ஏற்றப்படும் மற்றவை பெரும்பாலும் பல நூற்றாண்டு பிந்திய வரலாற்று நூலிலிருந்து வருபவை. ஒரு தலைமுறையே செய்ததை ஒரு மனிதருக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

கவிதையில் கிடைத்த சான்று உறுதியானது. அந்தலூசியாவில் பிறந்த 'முவஷ்ஷஹா' என்ற அரபுப் பாடல் வகை கடைசி இரண்டு மூன்று அடிகளில் பேச்சு மொழிக்கு மாறும். அந்த முடிப்புக்கு 'ஹார்சா' என்று பெயர். 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் எபிரேய எழுத்தில் இருந்த சிலவற்றைப் படித்துக்காட்டியபோது, அவை லத்தீனிலிருந்து கிளைத்த, ஸ்பானியத்தின் மூத்த உறவான ரோமான்ஸ் பேச்சு என்று தெரிந்தது. 11-ஆம் நூற்றாண்டு வரை போகும் அவற்றில், பெண் தன் 'ஹபீபி'யை (காதலனை) நினைத்துத் தாயிடம் புலம்புகிறாள். ஐபீரிய மண்ணின் மிகப் பழைய ரோமான்ஸ் பாடல் வரிகள் அரபுப் பாட்டின் வாலில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

இவ்வளவு சொல் வந்த மொழி எப்படி அழிஞ்சுது?

கிரனாடாவை ஒப்படைப்பதற்காகச் செய்த ஒப்பந்தம் முஸ்லிம்களின் மதத்தையும் வழக்கங்களையும் காப்பதாக வாக்குறுதி தந்தது. அது பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. கர்தினால் சிஸ்னேரோஸ் காலத்தில் கட்டாய மதமாற்றமும் அரபு நூல் எரிப்பும் நடந்தன. 1502-இல் காஸ்தீலிலும் 1526-இல் அராகோன் பகுதிகளிலும் முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மதம் மாறியவர்களுக்கு 'மொரீஸ்கோ' என்று பெயர். 1567 ஆணை அரபுப் பேச்சு, எழுத்து, உடை, குளியலறை அனைத்தையும் தடைசெய்தது. 'கீழை நாட்டுக் கிறிஸ்தவர்களும் அரபுதானே பேசுகிறார்கள், மொழி வேறு மதம் வேறு' என்று பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலே என்ற முதிய மொரீஸ்கோ கிரனாடா அதிகாரிகளிடம் வாதாடினார். பயனில்லை. கிளர்ச்சி வெடித்து நசுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3,00,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்த வலென்சியாவில் வயல்களும் காந்தியா என்ற ஊரின் கரும்புத் தொழிலும் பலத்த அடி வாங்கின.

அரபு மறந்த மொரீஸ்கோக்கள் ஸ்பானியத்தையே அரபு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். 1884-இல் சரகோசா மாகாணத்தில் அல்மொனாசித் தெ லா சியெர்ராவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளத்துக்கு அடியில் இத்தகைய ஏடுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

சொற்களும் இதே காலத்தில் இறங்கத் தொடங்கின. தையல்காரர் 'அல்ஃபயாத்தே' போய் 'சாஸ்த்ரே' வந்தார், கால்நடை மருத்துவர் 'அல்பெய்த்தர்' போய் 'வெதெரினாரியோ' வந்தார். அந்தலூசியாவில் மட்டும் தரை துடைக்கும் துணிக்கு 'அல்ஹொஃபீஃபா', லாவெண்டருக்கு 'அலுசேமா' என்று பழசு புழங்குகிறது.

மூணு மதமும் ஒற்றுமையா வாழ்ந்த பொற்காலம்னு சொல்றது சரியா? இன்னொரு பக்கம் செல்வாக்கே இல்லைங்கறாங்க.

இரண்டும் மிகை. கோர்தோபாவில் பிறந்த முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்தும் யூத மெய்யியலாளர் மைமோனிதேஸும் ஒரே நூற்றாண்டின் மனிதர்கள். அதே நூற்றாண்டில் அல்மொஹாத் அடக்குமுறையால் மைமோனிதேஸின் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. 1066-இல் கிரனாடாவில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஆட்சியில் மற்ற மதத்தார் தனி வரி கட்டி, இரண்டாம் நிலையில்தான் வாழ்ந்தார்கள். ஊர்கள் கிறிஸ்தவர்களிடம் கைமாறிய பிறகு முஸ்லிம்களுக்கும் அதே நிலை வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பானிய வரலாற்றாசிரியர்களிடையே இது பெரிய விவாதம். மூன்று மதங்களின் கலப்பில்தான் ஸ்பானியர் உருவானார்கள் என்றார் அமெரிக்கோ காஸ்த்ரோ. ரோம, விசிகோத் அடித்தளமே மாறாமல் தொடர்ந்தது என்று மறுத்தார் கிளவுதியோ சாஞ்செஸ் அல்போர்னோஸ். இருவரும் தாயகத்தை விட்டு வெளியேறி வாழ்ந்தவர்கள். 'ஸ்பானிய ஆன்மா' என்ற ஒன்றைத் தேடினால் இந்தச் சண்டை தீராது என்பது எங்கள் எண்ணம். மடை, கரண்டி, கொத்துக்கரண்டி என்று இறங்கிப் பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

இதெல்லாம் லத்தீன் அமெரிக்காவுக்கும் போச்சா?

போனது, சில இடங்களில் பொருள் மாறி. பாசனத் தொட்டியான 'அல்பேர்கா' மெக்சிகோவில் நீச்சல் குளம், ஸ்பெயினில் நீச்சல் குளத்துக்கு 'பிசீனா'. உண்டியலுக்கு ஸ்பெயினில் பெரும்பாலும் 'ஊச்சா', அமெரிக்க நாடுகள் பலவற்றில் அரபு வழிப் பெயரான 'அல்கன்சீயா'. அர்ஜென்டினாவின் 'அல்ஃபஹோர்' பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. அங்கே அது இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே காய்ச்சிய பால் இனிப்பு வைத்த பண்டம்.

மாறாமல் போனது வாய்க்கால் ஏற்பாடுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஸ்பானியக் குடியேறிகள் வெட்டிய வாய்க்கால்களுக்கு இன்றும் 'அசேக்கியா' என்றே பெயர். பங்குதாரர்கள் 'மயொர்தோமோ' என்ற நீர் மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசந்தத்தில் தண்ணீர் விடுமுன் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும், வராதவர் கூலி ஆள் அனுப்ப வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று மயொர்தோமோ முறை வைக்கிறார்.